வியாழக்கிழமை நாடகத்துக் கிணறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஐப்பசி மாதத்தில், றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற கல்லுப்பாலம் தோட்டத்தில், யாரும் தோண்டாமல் ஒரு கிணறு வந்தது. முந்தின நாள் வியாழக்கிழமை. அன்றைக்கு ஏழரை மணி நாடகத்தில் ஒரு தகப்பன் தன் மகளைக் கிணற்றில் தள்ளிக் கொன்றிருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணி முடிந்து நாலாம் நம்பர் மலைக்கு ஏறிய பெண்கள், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அதே கிணற்றைப் பார்த்தார்கள். அதே கருங்கல் சுற்றுக்கட்டு, ஒரு பக்கம் காரை உதிர்ந்த அதே இடம், இரும்புக் கப்பி, கப்பியில் நார்க்கயிறு, கயிற்றின் முனையில் நெளிந்த வாளி. டிவியில் கறுப்பு வெள்ளையாக இருந்தது இங்கே கலரில் இருந்தது. பாசி நல்ல பச்சை. மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிணறு என்றால் என்னவென்று தெரியாது. தண்ணீர் மேலிருந்து வரும் பொருள், மலையில் ஊறிப் பீலியில் விழும், குடத்தைக் கீழே வைத்தால் நிரம்பும். தண்ணீரைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. கல்லைப் போட்டுப் பார்த்தார்கள், சத்தம் வர நேரமாயிற்று. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற காளியாயி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுக இந்தியாவுல இருந்து கப்பல் ஏறுறப்ப சாதிய மட்டும் மறக்காம மூட்ட கட்டிக் கொண்டாந்தாங்க, கெணத்த விட்டுட்டு வந்துட்டாங்க. அது பாவம், நடந்து நடந்து இப்பத்தான் வந்து சேந்துருக்கு" என்றாள். சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை.

வெளிக்கள உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து, "மே லிந்த கெப்புவே கவுத?" என்று கேட்டார். கிணற்றை வெட்டியது யார் என்பது அங்கே எல்லாருக்கும் இருந்த கேள்விதான். தோட்டத்தை நடத்துகிற தொரை ஒருமுறை வந்து பார்த்தார். கிணறு இருக்கிற இடத்தில் முந்தின நாள்வரை இருந்த தேயிலைச் செடிகள் எங்கே போயின என்பதுதான் அவருடைய கவலை. அவை கிடைக்கவில்லை. சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார். கட்டினார்கள். சனிக்கிழமை பார்த்தால் கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது, கிணறு வேறு இடத்தில் இருந்தது. கயிற்றுக்குள்ளே தேயிலைச் செடிகள் பழையபடி நின்றன.

பேச்சியம்மா சிரிக்காததற்குக் காரணம் வியாழக்கிழமையிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவில் டிவி இருந்தது அவள் வீட்டில் மட்டும். அவள் புருசன் நல்லமுத்து யூனியன் தலைவர், கோயில் கமிட்டியிலும் தலைவர். லயத்துக்குக் கரண்டு வராத காலம் அது. கார் பேட்டரியில்தான் டிவி ஓடும். பேட்டரியை வாரத்துக்கு ஒருமுறை வட்டவளைக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வர வேண்டும். வியாழக்கிழமையானால் மேல் லயத்து ஆட்கள் உள்ளே காம்பராவில் உட்காருவார்கள். கீழ் லயத்து ஆட்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, திறந்து வைத்த கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் பார்ப்பார்கள். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர்களும் வந்ததில்லை. தேத்தண்ணி உள்ளே இருப்பவர்களுக்குக் கிளாசில் போகும், வெளியே இருப்பவர்களுக்குச் சிரட்டையில் போன காலம் மலையேறி, பிளாஸ்டிக் கோப்பையில் போகும் காலம் வந்திருந்தது. அதை நல்லமுத்து கூட்டங்களில் முன்னேற்றம் என்று சொல்லுவார்.

பேட்டரியைத் தூக்கிப் போகிறவன் கீழ் லயத்துத் திலக்ஷன். மழையிலும் காற்றிலும் ஏரியல் திரும்பிக்கொண்டால், கூரைத் தகரத்தில் ஏறிக் கம்பத்தைத் திருப்புகிறவனும் அவன்தான். உள்ளேயிருந்து படம் தெரிகிறதா இல்லையா என்று கத்துவது நல்லமுத்துவின் மகள் ஷாமிலாவின் வேலை.

"வருதா?"

"இல்ல. புள்ளி புள்ளியா இருக்கு."

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

இப்படி ஒரு முழு மழைக்காலம் நடந்தது. முப்பது நாற்பது பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நாடகம் சீக்கிரம் தெரிய வேண்டுமே என்பதைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பேச்சியம்மாவுக்குத் தோன்றியது. படம் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கிறபோதே ஒருநாள் மகள், "போயிருச்சு, திருப்புங்க" என்று கத்தியதை அவள் கவனித்தாள். அடுப்படியில் ரொட்டி கருகும்வரை நின்று யோசித்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

நாடகத்துப் பெண்ணின் பெயர் மரகதம். வேறு சாதிப் பையனை விரும்பியதற்காக அவளை வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த வியாழக்கிழமை தகப்பன் அவளுக்கு ஒரு புதுச்சேலை வாங்கி வந்தான். மரகதத்தின் அம்மா, எதற்குச் சேலை என்று கேட்டாள். பெற்ற மகளுக்கு ஒரு சேலை வாங்கக் காரணம் வேண்டுமா என்றான் அவன். கோபம் போய்விட்டது என்று உள்ளே இருந்தவர்களும் இஸ்தோப்பில் இருந்தவர்களும் மூச்சு விட்டார்கள். காளியாயி வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். மரகதம் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தகப்பன், தாகமாக இருக்கிறது, ஒரு வாளி தண்ணி எடுத்து வா தாயி என்றான். அவள் குனிந்து வாளியை விட்டாள். பின்னாலிருந்து இரண்டு கை வந்தது.

 டிவிக்குள்ளே கப்பி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இஸ்தோப்பில் ஒருத்தி ஒப்பாரி வைத்தாள், நிஜமான ஒப்பாரி, மார்பில் அடித்துக்கொண்டு. உள்ளே இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் பயந்து போனார்கள். காளியாயி எழுந்து போய், வெற்றிலைச் சாற்றைத் தகப்பன் முகத்தில் துப்பி, "நாசமாப் போறவனே, நீயெல்லாம் வெளங்குவியா" என்றாள். நல்லமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து டிவிக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "பின்ன அவன் என்னதான் செய்வான்."

அது பேச்சியம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனுசன். அடித்ததில்லை. குடித்துவிட்டு வந்து சட்டி பானையை உடைத்ததில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆட்டன் ஆஸ்பத்திரிவரை நடந்தவர். டிவியில் ஒரு பெண் செத்ததற்கு மற்றவர்கள் அழுதார்கள். பேச்சியம்மா அந்த நாலு சொல்லைக் கேட்டு, மடியில் கிடந்த பேரீச்சங்கொட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கிணறு வந்தது.

கிணறு எதற்கு நகர்கிறது என்பது தோட்டத்துக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. வீடு என்று முதலில் அது போனது பேரின்பநாயகம் மாஸ்டரின் குவாட்டர்சுக்கு. மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள், தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். சனிக்கிழமை கடையடியில் நின்று, இப்படியான காட்டுமிராண்டித்தனம் படிப்பறிவு இல்லாத சனத்துக்குள்தான் நடக்கும், எங்கட பக்கத்தில் இதுக்கெல்லாம் வேற முறை இருக்கு என்று விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அடுப்படிக் குசினிக்குப் பின்னால் கிணறு நின்றது. மாஸ்டரோடு அவருடைய தங்கச்சி யசோதினியும் இருந்தார். கல்யாணம் ஆகாதவர், நரை விழுந்துவிட்டது, ஏன் ஆகவில்லை என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. யசோதினி பின்கதவைத் திறந்தார், கிணற்றைப் பார்த்தார், சிறுவயதில் ஊரில் செய்த மாதிரி வாளியை விட்டு அள்ளித் தலை முழுகினார். மாஸ்டர் ஒரு வாரம் குசினிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்டார்.

"அந்தப் பெடியன் இப்ப எங்கை இருக்கிறான் எண்டு தெரியுமோ?"

"கனடாவில," என்றார் யசோதினி. "மூண்டு பிள்ளையள்."

"நான் செய்தது பிழை."

"ஓம்," என்றார் யசோதினி. "குழம்பு விடட்டோ?"

மறுநாள் கிணறு அங்கே இல்லை. அது சின்னக் கங்காணி செல்லசாமியின் கீரைப்பாத்தியில் இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர் கள்ளுக்கடையில் சொல்லியிருந்தார். செல்லசாமியின் பெண்டாட்டி, அந்தப் பேச்சை ரோட்டில் நின்று திருப்பி வாங்கும்வரை அடுப்புப் பற்ற வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மனுசன் இரண்டு நாள் கடைப் பணிசு ரொட்டியில் ஓட்டினார். மூன்றாம் நாள் தேயிலை ஸ்டோருக்கு முன்னால் நின்று, "நான் சொன்னது தப்பு, போதுமாடி" என்று கத்தினார். "போதுமாடி"யை எடுத்துவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். கிணறு போனது. அதன் பிறகு ஆட்கள் வாயைத் திறக்குமுன் தங்கள் வீட்டுப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். வெளியே கேட்கப் பேசுகிறவர்களிடம் அது முதலில் போயிற்று. மெதுவாகச் சொன்னவர்களுக்கும் முறை வரும் என்று பேச்சியம்மாவுக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் பின்கதவைத் திறந்து பார்த்தாள். மார்கழி பிறந்த அன்று, அவர்களுடைய போஞ்சிக் கொடிக்குப் பக்கத்தில் கிணறு நின்றது.

நல்லமுத்து அதன் மேல் தகரத்தைப் போட்டு மூடிக் கல்லை வைத்தார். "என்னாங்க சொன்னீங்க, இது இங்க வர்றதுக்கு?" என்று பேச்சியம்மா கேட்டாள். "நான் என்னாத்த சொன்னேன். வந்துருக்கு, போகும்" என்றார் அவர். உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை. தகரமும் கல்லும் அங்கேயே கிடந்தன. கிணறு மாட்டுப்பட்டிக்கு வந்தது. பிறகு சாக்கடைக் கானைத் தாண்டியது. ஆறு அங்குலம் நகர்ந்த நாளும் உண்டு, அசையாமல் நின்ற நாளும் உண்டு. ஆனால் ஒருநாளும் பின்வாங்கவில்லை.

தையில் விசயம் வெளியே வந்தது. ஷாமிலா தையல் கிளாசுக்கு ஆட்டனுக்குப் போகிற ரயிலும் திலக்ஷன் பேட்டரியோடு வட்டவளைக்குப் போகிற ரயிலும் எதிரெதிர்த் திசையில் போகிறவை. அப்படியிருக்க, றொசல்ல ஸ்டேசன் பெஞ்சில் நடுவில் பேட்டரியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு ரயிலையும் போகவிட்டதை நல்லமுத்துவின் பங்காளி அழகன் பார்த்துவிட்டான். அன்றைக்கே மேல் லயத்து ஆம்பிளைகள் நல்லமுத்துவின் இஸ்தோப்பில் கூடினார்கள். மரகதத்துக்காகத் துண்டால் மூக்கைச் சிந்திய அதே ஆட்கள். அழகன் மரகதம் செத்தபோது இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன். அவன்தான் அதிகம் பேசினான்.

"நாடகம் வேறண்ணே. அது எவனோ. இது நம்ம ரத்தம். கோயில்ல மொத மரியாத வாங்குற குடும்பம். நாளைக்கி கீழ் லயத்துல போயி சம்பந்தின்னு கை நனைப்பியா நீயி?"

 அழகன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நீ தலைவரு. முடிவு எடுக்க வேண்டியது நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். பேச்சியம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். புருசன் கத்துவார், மகளை நாலு அறை அறைவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் உள்ளே வந்து, மகளைப் பார்க்காமல், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். தையல் கிளாசை நிறுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டனுக்குப் போனவர் சாயங்காலம் ஒரு பார்சலோடு வந்தார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுச்சேலை இருந்தது.

பேச்சியம்மா பார்சலைக் கையில் வாங்கவில்லை. "எதுக்குங்க சேல?"

"பெத்த புள்ளைக்கு ஒரு சேல வாங்கக் காரணம் வேணுமா?"

பின்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கதவுநிலைக்கு வெளியே, துணி துவைக்கிற கல் இருந்த இடத்தில், கிணறு வந்து நின்றது. இனி அதற்கு வர இடமில்லை.

அவள் கூச்சல் போடவில்லை. போலீசுக்குப் போவதென்றால் ரோட்டுக்கு இறங்க வேண்டும், சிங்களம் பேச வேண்டும், சேலை வாங்கித் தந்தார் என்று முறைப்பாடு எழுத வேண்டும். மகளை எங்கேயாவது அனுப்பலாம் என்றால் சொந்தம் எல்லாம் அவர் பக்கத்துச் சொந்தம். கொத்மலையில் இருந்த அவளுடைய அண்ணன் வீடு அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போய்ப் பல வருடமாகிறது. திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனாள். நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறபோது பக்கத்து நிரைக் காளியாயியிடம், கையை நிறுத்தாமல், ஒரே ஒரு விசயம் சொன்னாள்.

"அவரு ஷாமிலாவுக்குப் புதுச்சேல வாங்கியாந்துருக்காரு."

காளியாயியின் கை நின்றது.  அடுத்த நிரைக்குத் திரும்பினாள். நாடகம் பார்க்காத ஊராக இருந்தால் அந்தச் செய்திக்கு, நல்ல சேலையா, என்ன கலர் என்று கேட்டிருப்பார்கள். இங்கே நிரை நிரையாக அது மலையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளிடம் போய், மத்தியானக் கொழுந்து நிறுக்கிறபோது ஸ்டோருக்கு வந்துவிட்டது. ஒருவரும் இன்னொருவரிடம் விளக்கம் கேட்கவில்லை. அன்றைக்குக் கொழுந்து குறைவு என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். பிறகு அவருக்கும் யாரோ சொன்னார்கள். குறைவைப் பற்றிப் பேசாமல் அடுத்த கூடையைத் தராசில் ஏற்றினார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காளியாயி முதலில் வந்தாள், பாயும் கொண்டுவந்தாள். மேல் லயம் வந்தது. கீழ் லயம் வந்தது. செல்லசாமியைப் பெண்டாட்டி முன்னால் விட்டுக் கூட்டி வந்தாள். மாஸ்டரும் யசோதினியும் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் அந்த லயத்துக்குள் அதுவரை வந்ததே இல்லை. இஸ்தோப்பு நிரம்பியது, பிறகு கீழ் லயத்துப் பெண்கள் கதவைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். யாரும் வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. திலக்ஷன் பழக்கத்தில் ஏரியல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

நல்லமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கித் திங்கக்கெழம. நாடகம் இல்லயே" என்றார்.

"தெரியும் தலைவரே," என்றாள் காளியாயி. "சும்மா பாக்கலாம்னு வந்தோம்."

"என்னாத்த பாக்க? டிவியே போடல."

"நீங்க இருங்க. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

டிவி அவருடைய இடதுபக்கம் இருந்தது. ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்கள். வியாழக்கிழமைகளில் எப்படிக் கன்னத்தில் கை வைத்து, பிள்ளையை மடியில் போட்டு, வாய் லேசாகத் திறந்து பார்ப்பார்களோ அப்படியே அவரைப் பார்த்தார்கள். அவர் இருமினால் இருமலைப் பார்த்தார்கள். துண்டை எடுத்தால் துண்டைப் பார்த்தார்கள். ஷாமிலா தன்னுடைய வழக்கமான இடத்தில், டிவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கட்டியிருந்தது அந்த மயில்கழுத்துச் சேலை. அப்பா சாயங்காலம் கட்டச் சொன்னார், கட்டிவிட்டாள். அப்பா முதன்முதலாகத் தன் கையால் வாங்கி வந்த சேலை என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. பேச்சியம்மா பின்கதவில் சாய்ந்து, அதை முதுகால் மூடிக்கொண்டு நின்றாள்.

அழகன் வாசலில் நின்று, "என்னா இது வேடிக்க? எந்திரிச்சுப் போங்க எல்லாரும்" என்றான். "மறைக்காத" என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை சொன்னது. அழகன் அறியாமல் குனிந்து நகர்ந்து, நகர்ந்த இடத்தில் உட்கார்ந்தும் விட்டான்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று பிற்பாடு ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நல்லமுத்துவுக்கு வேர்த்தது. தொண்டை காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் மனதில் அந்த நேரம் வேறு ஒன்றும் இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார், தாகம் மட்டும்தான் இருந்ததாம். அவர் மகளைப் பார்த்துச் சொன்னார்:

"தாகமா இருக்கு. ஒரு வாளி தண்ணி எடுத்து வா தாயி."

காம்பராவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். லாம்பு அணைகிற மாதிரி ஆடியது. ஷாமிலாவின் கை சேலை முந்தானையை அப்படியே பிடித்தபடி நின்றது. நல்லமுத்து தான் சொன்னதைத் தானே கேட்டார். நாடகத்தில் அந்தத் தகப்பன் சொன்னபோது எப்படிக் கேட்டதோ, அதே குரலில், அதே "தாயி"யோடு அது திரும்பி அவர் காதுக்கு வந்தது. சுற்றிப் பார்த்தார். முப்பது வருடமாகத் தலைவரே தலைவரே என்ற முகங்கள், காளியாயி டிவியில் துப்பிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், யாரும் துப்பவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டார்.

"அவ எடுக்க மாட்டா," என்றாள் பேச்சியம்மா. "நீங்க போயி எடுங்க."

கதவை விட்டு விலகினாள். அந்த வீட்டில் அவர் தண்ணீர் எடுத்ததே கிடையாது. எழுந்தார். பின்கதவு வழியாக இறங்கினார். சனமும் எழுந்து, கதவிலும் ஜன்னலிலும் சுவரோரத்திலும் நெருக்கிக்கொண்டு பார்த்தது. வாளியை விட்டார். கயிறு போய்க்கொண்டே இருந்தது, கப்பி நாடகத்தில் கேட்ட அதே சத்தத்தோடு சுற்றியது. பிறகு வாளி எதையோ தொட்டது. இழுத்தார். வரவில்லை. காலைச் சுற்றுக்கட்டில் ஊன்றி இழுத்தார். கொஞ்சம் வந்தது, பிறகு கயிறு அவரையே உள்ளே இழுத்தது. சுற்றுக்கட்டில் மார்பு மோதியது. அழகன் நின்ற இடத்திலேயே நின்றான். திலக்ஷன் ஏரியல் கம்பத்தை விட்டுவிட்டு, லயத்தைச் சுற்றி ஓடிவந்து, பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்தான்.

"விட்றாதீங்க தலைவரே. என் பக்கம் இழுங்க."

இரண்டு பேரும் இழுத்தார்கள். முதலில் ஒரு கை வந்து சுற்றுக்கட்டைப் பிடித்தது. பிறகு மரகதம் வாளியோடு மேலே ஏறி வந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது, தலைமயிரில் பாசி. தாண்டி இறங்கி, மயிரைப் பிழிந்து முதுகுக்குப் பின்னால் போட்டாள். நடித்த பெண் வேறு, அவள் அந்நேரம் சென்னையில் சுகமாக இருந்தாள், பத்திரிகையில் படம்கூட வந்திருந்தது. இது செத்த பெண். அவளுக்குக் குளிர்ந்தது, இந்தப் பக்கத்துக் குளிர் அவளுக்குப் பழக்கமில்லை. "மாத்திக்கத் துணி இருக்குமாக்கா?" என்று கேட்டாள். ஷாமிலா உள்ளே போய்த் தன்னுடைய பழைய பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு, மயில்கழுத்துச் சேலையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லமுத்து கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "நான் என்னாத்தையா செய்யப் பாத்தேன்" என்றார்.  பேச்சியம்மா வாளியில் இருந்த தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு கொடுத்தாள். குடித்தார்.

மரகதம் காளியாயி வீட்டில் தங்கினாள். கொழுந்து பறிக்க ஆள் பற்றாத காலம், கணக்கப்பிள்ளை அவள் பேரைப் பதிந்துகொண்டார். பிறப்புச் சான்று இல்லையே என்று ஆபீசில் ஒரு கேள்வி வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது இல்லாததால், செத்துப் பிழைத்தவளுக்கு இல்லாதது பெரிதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் அவளும் வந்து உட்கார்ந்து மீதி நாடகத்தைப் பார்த்தாள். அதில் அவளுடைய அப்பா ஊர்ப் பெரியவராகி, கோயிலில் மாலை வாங்கி, கடைசி வாரத்தில் வயதாகிக் கட்டிலில் செத்தார். சனம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்கு மலவாழப்பழம்னா ரொம்பப் பிடிக்கும்," என்றாள் அவள். "சந்தைக்குப் போனா அப்பா வாங்காம வரமாட்டாரு. அன்னைக்கும் வாங்கிட்டுத்தான் வந்தாரு." நாற்காலியில் இருந்த நல்லமுத்து எழுந்து வெளியே போய், நாடகம் முடியும்வரை உள்ளே வரவில்லை.

ஷாமிலாவும் திலக்ஷனும் ஆட்டனில் பதிவுக் கல்யாணம் எழுதினார்கள். நல்லமுத்து போகவில்லை. கோயில் கமிட்டியிலிருந்து அவரே விலகிக்கொண்டார், முதல் மரியாதை அழகனுக்குப் போனது. கரண்டு வந்தது, பேட்டரி போனது, எல்லா வீட்டிலும் கலர் டிவி வந்தது, ஆட்கள் அவரவர் வீட்டில் தனித்தனியாக அழுதார்கள். இரண்டாயிரத்து மூன்றில் ஷாமிலாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. மறுநாள் காலையில் நல்லமுத்து கிணற்றில் ஒரு வாளி இறைத்து, கீழ் லயத்துக்குத் தூக்கிப் போய், இஸ்தோப்புப் படியில் வைத்தார். பிள்ளையைக் குளிப்பாட்ட. தினமும் வைத்தார்.

"உள்ள வாங்க மாமா," என்றான் திலக்ஷன்.

"நேத்து வாளிய குடு," என்றார் அவர்.

கிணறு அதற்குப் பிறகு நகரவில்லை. பின்கதவுக்கு வெளியே, துவைக்கிற கல் இருந்த இடத்தில் இன்றும் இருக்கிறது. பீலியில் தண்ணீர் குறைகிற மாசி பங்குனியில் எல்லா லயமும் அதில்தான் குடிக்கிறது. பீலிக்குக் குடத்தோடு போகிறவர்கள் பெண்கள். கிணற்றில் மட்டும் ஆம்பிளைகள்தான் இறைப்பார்கள், பெண்கள் இரண்டடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. வெளியூரிலிருந்து கல்யாணம் கட்டி வருகிற மாப்பிள்ளைகளுக்கு முதல்நாளே கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.